பின்சுவரில் வைத்த டிஷ்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். இதை எந்தத் துறைமுகத்தில் பிரிப்பீர்களோ தெரியாது. எங்கே பிரித்தாலும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். ஃபோனில் பேசிய பிறகும் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் மாமா ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனை மடியில் வைத்துக்கொள்கிறார். அவரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேச முடிவதில்லை.

முதலில் நல்ல சேதி. நீங்கள் வாங்கி அனுப்பிய பெரிய டிவிக்கு ஒருவழியாக எச்.டி. வந்துவிட்டது. இத்தனை நாளும் பழைய பெட்டியை மாட்டிப் பார்த்ததில், செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் சோப்பு போட்டுக் கழுவாத மாதிரி மங்கலாகத் தெரியும். டிஷ்காரர் வந்து புதுப் பெட்டி வைத்தார், வயரை மாற்றினார், டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே ஒரு மூக்கு, அதையும் மாற்றினார். படம் வந்ததும் மாமா நாற்காலியிலிருந்து எழுந்து கிட்டே போய், "புல்லு ஒவ்வொண்ணும் தெரியுதும்மா!" என்று மைதானத்தைத் தடவிப் பார்த்தார். சின்னவள் அவர் விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இப்போது கோல் போடுகிறவன் பல் கட்டியிருப்பது வரை மாமாவுக்குத் தெரியும். தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது.

பழைய டிஷ்ஷை முன்பக்கம் வைத்திருந்தோம் அல்லவா? எதிர்வீட்டு மாடி உயர்ந்ததில் அங்கே வானம் மறைந்துவிட்டது. அதனால் இப்போது பின்னறையின் பின்சுவர் மேல் குழாய் நட்டு வைத்திருக்கிறார்கள். டிவியும் அந்த அறைக்கே போய்விட்டது. மாமா ஓய்வு பெற்றதும் தன் கையாலேயே செங்கல் அடுக்கிக் கட்டிய அறை என்பதால் அவருக்கு இரட்டைச் சந்தோஷம். கட்டிலையும் அங்கேயே போட்டுக்கொண்டார்.

டிஷ்காரர் போகும்போது ஒன்று சொன்னார். "பழைய படம், டிஷ் கொஞ்சம் கோணலா இருந்தாலும் பொறுத்துக்கும். இது ரோஷக்காரி. லேசாத் திரும்பினாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். துணி காயப்போடுற கயிறு எதையும் இதுல கட்டிடாதீங்க." போல்ட்டுகளை முறுக்கி, யாராவது தளர்த்தினால் தெரியட்டும் என்று ஒவ்வொன்றின் குறுக்கேயும் சிவப்புப் பெயிண்டில் கோடு இழுத்துவிட்டுப் போனார்.

பின்னால் சரிவுக்குக் கீழே கிடந்த காலி மனையில் அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். மண் தோண்டும் இயந்திரம் வந்திருக்கிறது. நான் மருந்துக்கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துப் பேசிக்கொள்கின்றன. வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குத் தூங்குங்கள். சின்னவளின் முத்தங்களை இதோடு மடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
சின்னவளின் அம்மா

*

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இன்ஜின் அறைச் சூட்டில் கையில் கொப்புளம் என்று எழுதியிருந்தீர்கள். களிம்பை வெறும் கையால் தடவாதீர்கள், பஞ்சில் எடுங்கள். மருந்துக்கடைக்காரி பேச்சை அலட்சியம் செய்ய வேண்டாம்.

இங்கே டிவி சரியில்லை. போன கடிதத்தைத் தபாலில் போட்ட வாரமே படம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. பந்து காலை விட்டுக் கிளம்பும், நடுவானில் அப்படியே நிற்கும், பிறகு "சிக்னல் இல்லை" என்று நீலத்திரை வரும். ஆயுசு பூராவும் ரயிலுக்குச் சிக்னல் போட்டவர் வீட்டிலா இப்படி என்று எதிர்வீட்டுத் தையல்கார அக்காவின் புருஷன் கேலி பேசப் போய், மாமா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

டிஷ்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் சின்னவளைத்தான் முறைத்தார், ஏறி ஆட்டிவிட்டாள் என்று. மேலே போய்ப் பார்த்தால் சிவப்புக் கோடுகள் இழுத்தது இழுத்தபடி இருக்கின்றன. ஒரு போல்ட்டும் அசையவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே டிஷ்ஷைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தார், படம் வந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியது. மறுபடி உடைந்தது. மறுபடி வந்தார், மறுபடி நிமிர்த்தினார். போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாக வந்தபோது கையோடு ரசமட்டம் கொண்டுவந்து குழாயோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். நேராக நட்ட குழாய் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. மனிதர் ஏணியில் பார்த்துப் பார்த்து இறங்கினார். வாசலுக்கு வந்த பிறகுதான், மாமா காதில் விழாமல், "அக்கா, நான் இனிமே அந்தச் சுவர் மேல ஏற மாட்டேன். புள்ளைய அந்தப் பக்கம் விளையாட விடாதீங்க" என்றார்.

அன்று மாமா கடைக்குப் போனதும் பின்னறைக்குள் போய் நின்றேன். தினமும் கூட்டித் துடைக்கிற அறைதான். ஆனால் அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஜன்னல் கதவு பாதிக்கு மேல் சாத்தவில்லை. பீரோக் கதவை மூடி மூடி விட்டாலும் தானாகத் திறந்துகொள்கிறது. அறை நம் பழைய வீட்டோடு ஒட்டுகிற இடத்தில் காலண்டர் ஒன்று தொங்கியது. அந்த இடத்தில் நாம் எப்போதும் காலண்டர் மாட்டியதில்லை. தூக்கிப் பார்த்தேன். தரையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல், அதன் மேல் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தது. பூச்சும் பிளந்திருந்தது. என் சுண்டுவிரல் உள்ளே போனது. குளிர்ந்த காற்று வந்தது.

அந்தப் பூச்சு யார் வேலை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று தடவை அவர் நகக்கண்ணில் சிமெண்டைப் பார்த்துவிட்டு, தொட்டியைச் சரிசெய்தார் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அந்தச் சுவரோரம் தலைவைத்துப் படுக்கிறார்.

கீழே இறங்கிப் போய்க் கட்டட இன்ஜினியரைப் பார்த்தேன். நம் சுவருக்கு நேர் கீழே மண்ணை நெட்டுக்குத்தாக வெட்டியிருக்கிறார்கள், முட்டுக்கொடுக்க ஒரு பலகை கூட இல்லை. அவர் தொப்பியைக் கழற்றாமலே, "உங்க வீடு பழசும்மா. மழைக்காலத்துல எல்லா வீட்டுலயும் விரிசல் விடும்" என்றார். இன்னும் மழையே வரவில்லையே என்றேன். அதற்கு அவர் சிரித்தார். நகராட்சியிலும் சொல்லிவிட்டு வந்தேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

மாமாவிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். முன்னறைக்கு வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டேன். "நான் கட்டின சுவரு என்னைய ஒண்ணும் பண்ணாதும்மா. நீ போய் அந்த டிஷ்காரனுக்கு ஒழுங்கா வேலை தெரியுமான்னு விசாரி" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். திரையில் நீலம்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவளை என்னோடு முன்னறையில் படுக்க வைத்துக்கொள்கிறேன். வானம் இரண்டு நாளாகக் கறுத்துக்கொண்டு வருகிறது. அடுத்த முறை கூப்பிடும்போது அப்பாவிடம் நீங்களாகக் கேட்பது போலக் கேளுங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். கடலில் உங்களைக் காக்கிற தெய்வம் எங்களையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்களவள்

*

அன்புள்ள உங்களுக்கு,

முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மாமா, சின்னவள், நான் மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. இதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பிறகு மற்றதைப் படியுங்கள்.

நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று பார்த்தேன். கப்பல் நடுக்கடலில் இருந்திருக்கும், லைன் கிடைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பின்னறைக்குள் நடந்தால் காலடியில் தரை லேசாகப் பள்ளம் இறங்குவது தெரிந்தது. எத்தனை சொல்லியும் மாமா கட்டிலை நகர்த்த விடவில்லை. இந்த மனிதரை எந்தக் கயிறு போட்டு இழுப்பது என்று யோசித்தேன். ஒரே ஒரு கயிறுதான் இருந்தது.

மாமா முடிவெட்டப் போன நேரம் பார்த்து டிஷ்காரரை வரச்சொன்னேன். சுவரில் ஏற மாட்டேன் என்றவர், விஷயத்தைக் கேட்டதும் நம் பழைய மொட்டைமாடியில் நின்றபடியே நீளக் கம்பியால் டிஷ்ஷைக் குழாயோடு கொக்கி போட்டு இழுத்து எடுத்தார். தையல்கார அக்கா வீட்டு மாடியில் அதை வைத்தோம். அவர்கள் இருப்பது மேட்டுப் பக்கம், பாறை மேல் நிற்கிற வீடு. அக்காவின் புருஷனும் நானும் டிவியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவைக் கடந்தோம். மழைக்குப் போர்த்த என் புடவை ஒன்று நாசம்.

மாமா வந்து, காலியாக இருந்த சுவரைப் பார்த்தார். என்னை ஏதாவது திட்டியிருந்தால் கூடத் தேவலை. "என்னைக் கேக்காம என் ரூம்ல கை வெச்சுட்டே" என்று மட்டும் சொன்னார். சாப்பிட வரவில்லை. மறுநாளும் தட்டைத் தொடவில்லை. இறுதி ஆட்டம் அன்று மத்தியானம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அக்காவின் புருஷன் வாசலில் வந்து நின்று, "பெரியவரே, உங்க டிவி எங்க வீட்டுல அநாதையா கிடக்கு. ரிமோட்டுல எந்தப் பட்டனை அமுக்கறதுன்னு கூட எங்களுக்குத் தெரியல" என்று கெஞ்சினார். பழைய கோபத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு, மாமா குடையை எடுத்தார். சின்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நான் அவசரத்துக்கு வேண்டிய துணிமணிகளையும் மாமாவின் மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

படம் அத்தனை தெளிவு. ஒரு கட்டம் கூட உடையவில்லை. மாமா யாரோடும் பேசாமல் பார்த்தார். இடைவேளை விட்டதும் எழுந்தார். எங்கே என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைக்கிற துணி கட்டில் மேல் இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்றார். என் முந்தானையைக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். அக்கா தைத்து மிஞ்சிய வெட்டுத்துணி ஒன்றைக் கொடுத்தாள், அதுவும் வேண்டாம். செருப்பை மாட்டிவிட்டார். சின்னவள்தான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, நீ போனா நான் சானலை மாத்திடுவேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். பல நாளாகப் பார்க்காத சிரிப்பு. அவளைத் தூக்குவதற்குக் குனிந்தார்.

அப்போதுதான் கேட்டது. லாரியிலிருந்து கருங்கல் கொட்டுவது போல, ஆனால் நிற்காமல். கரண்ட் போய் டிவி அணைந்தது. நாங்கள் தெருவுக்கு ஓடினோம். நம் வீட்டு முன்கதவு சாத்தியபடி அப்படியே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னறை இருக்க வேண்டிய இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. கட்டில், பீரோ, காலண்டர் மாட்டிய சுவர் எல்லாம் கீழே பள்ளத்தில் கிடந்தன. மழைக்காகக் கீழே யாரும் வேலைக்கு வரவில்லை. அது யார் செய்த புண்ணியமோ.

இப்போது தையல்கார அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறோம். அந்த இன்ஜினியரைக் காணவில்லை, ஃபோனும் எடுப்பதில்லை. நகராட்சி ஆட்கள் இப்போதுதான் வந்து, மிச்ச வீடும் நிலையில்லை என்று வாசலில் நாடா கட்டிவிட்டுப் போனார்கள்.

இனிமேல் எழுதப் போவதற்காகத்தான் இந்தக் கடிதம்; ஃபோனில் உங்கள் லைன் இன்னும் கிடைத்தபாடில்லை. மாமா காலையில் எழுந்ததும் காணாமல் போய்விடுகிறார். முதல் நாள் தெருவெல்லாம் தேடினேன். கடைசியில் பார்த்தால் நாடாவுக்குக் கீழே குனிந்து நம் வீட்டுக்குள் போய் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அதற்கு அந்தப் பக்கம் வெறும் வானம். வாசலில் நின்று கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. "பாதி வீடு இருக்குல்லம்மா" என்றார், யாரோ வேறு ஒருவர் வீட்டைப் பற்றிச் சொல்வது போல. தினமும் அப்படித்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு அழைத்து வருகிறேன். நான் கடைக்குப் போனதும் மறுபடி போய்விடுகிறார் என்று அக்கா சொல்கிறாள். டிவியைப் போட்டுக் காட்டினாலும் பார்ப்பதில்லை. நேற்று முன்னறைத் தரையிலும் மயிரிழை போல ஒரு கோடு பார்த்தேன். நாற்காலிக் காலுக்குக் கீழே அது ஓடுகிறது. அவர் காலை எடுத்து அதன் மேல் வைத்துக்கொண்டார்.

நான் மருமகள். கையைப் பிடித்து இழுக்க முடியாது. நீங்கள் பிள்ளை. கேப்டன் காலில் விழுந்தாவது அடுத்த துறைமுகத்தில் இறங்கி வாருங்கள். வர முடியாவிட்டால் இதைப் பிரித்த உடனே கூப்பிடுங்கள். வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், சுவரைப் பற்றிக் கேட்காதீர்கள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, வாசலில் நின்றபடி நீட்டிப் பிடித்துக்கொள்கிறேன். "அப்பா, வெளியே வாங்க" என்று உங்கள் குரலில் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். சின்னவள் பக்கத்தில் நின்று பயந்தாலும் பரவாயில்லை, சத்தமாகச் சொல்லுங்கள்.

வழி பார்த்து நிற்கும்,
உங்களவள்