மேட்டில் மட்டும் வரும் சத்தம்

ஜூலை 3, வியாழன்

இன்றும் அதே சத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, மேட்டுத் தெருவில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் பானெட்டுக்குள் கடகடவென்று ஆரம்பித்துவிட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது.

பக்கத்தில் இவள், என் மனைவி. இதய ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. நடுவழியில் வண்டி நின்று தொலைத்தால் இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஜூலை 5, சனி

மெக்கானிக்கிடம் போனேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தார், பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், சைலன்சரைத் தட்டிப் பார்த்தார். அதே மேட்டில் நானே ஓட்டிக் காட்டினேன். மூச்சு விடவில்லை சனியன்!

"வண்டி நல்ல பிள்ளையா இருக்கே சார்" என்றார் மெக்கானிக். மனுஷனுக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகப்பட்டேன். அவர் என் மண்டையைச் சந்தேகப்பட்டிருப்பார்.

ஜூலை 6, ஞாயிறு

இவளை உட்காரவைத்துக்கொண்டு காற்று வாங்கப் போனேன். மேடு வந்தது, கடகட.

"உங்க அண்ணன் பேச்சை எடுத்தா நீங்க பல்லைக் கடிப்பீங்களே, அதே சத்தம்" என்கிறாள். சிரித்துவிட்டு உடனே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். தையல் போட்ட இடம் சிரித்தால் இழுக்கிறதாம். எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

ஜூலை 9, புதன்

எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

ஆஸ்பத்திரியில் இவள் உள்ளே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். இனி வேலைக்குப் போகலாம், மாடிப்படி ஏறலாம், கார் ஓட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்தக் கடிதத்துக்காகத்தான் இவள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதினாறாம் தேதி பள்ளிக்கூடத்தில் காட்டாவிட்டால் இவளுடைய கணக்கு டீச்சர் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

அதை மடித்து டாஷ்போர்டு டப்பாவுக்குள், வண்டி காகிதங்களுக்கு அடியில் வைத்துவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார் என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஏன் இப்படிச் செய்தேன்? நான்கு பீரியட் நின்றுகொண்டே பாடம் நடத்தி, சாயங்காலம் இவள் சுருண்டு விழுந்தால்—

ஜூலை 10, வியாழன்

பள்ளிக்கூடப் பையை எடுத்துத் தூசி தட்டினாள். திரும்ப உள்ளேயே வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூலை 12, சனி

மறுபடி மெக்கானிக். பொறுமைசாலி. சத்தம் வரும்போது வண்டியில் யார் யார் இருப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அப்படியென்றால் அம்மாவையும் கூட்டி வாருங்கள் என்றார்.

இவள் முன்னால், அவர் பின்னால், நான் ஓட்டினேன். மேட்டில் பாதி ஏறியதும் சத்தம் வந்துவிட்டது. கேட்டீர்களா என்று எனக்கு ஒரே பெருமை. அவர் சத்தத்தைக் கவனிக்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்கூட வந்தப்போ இந்த மேட்டுல எந்த கியர் சார்?"

"ரெண்டு."

"இப்போ?"

குனிந்து பார்த்தேன். நாலு. இருபத்தைந்து வேகத்தில், ஏற்றத்தில், நாலாவது கியர்! சத்தியமாக எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, எஞ்சின் இரைந்தால் இவளுக்கு அதிருமே என்று மடமடவென்று கியரை மேலே ஏற்றினேன். அதுவே கைப்பழக்கம் ஆகிவிட்டது போல.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல சார். மேல் கியர்ல போட்டு மிதிச்சா அதால இழுக்க முடியல, அதான் உள்ள தட்டுது. கீழ் கியர்ல கொஞ்சம் கத்தத்தான் செய்யும். கத்த விடுங்க. நீங்க அது வாயைப் பொத்திட்டே மேடு ஏத்துறீங்க."

பயந்து பயந்து ஓட்டியதில் உள்ளே கரியும் படிந்திருக்கும், வெளிச்சாலையில் மூன்றாவது கியரில் நன்றாக இழுத்து ஓட்டுங்கள், சரியாகிவிடும் என்றார். சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டார். நான் கையை நீட்டுவதற்குள் இவள் டப்பாவைத் திறந்துவிட்டாள்.

புத்தகத்தை அவரிடம் கொடுத்தாள். கடிதத்தை முழுக்கப் படித்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். மத்தியானம் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஏன் மறைத்தேன் என்று கேட்டாள். ஆபரேஷன் அன்று அந்தக் கதவுக்கு வெளியே ஆறு மணி நேரம் இவள் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதைச் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை.

"நீ போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்" என்று கேட்டுவிட்டேன். அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதேன். ஐம்பத்தெட்டு வயசில்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போகலையே. இங்கதானே உட்கார்ந்திருக்கேன். ஆனா மூணு மாசமா என்னையும் நாலாவது கியர்லதான் வெச்சிருக்கீங்க. எனக்கு மூச்சு முட்டுதுங்க."

பிறகு, கடிதத்தை மறைத்ததற்காகக் கொஞ்ச நாள் கோபமாக இருக்கப்போவதாகவும், நான் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அறிவித்தாள். சரி என்றேன்.

ஜூலை 14, திங்கள்

வெளிச்சாலை. இவள்தான் ஓட்டினாள். மூன்றாவது கியரில் எஞ்சின் வீறிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை இருபது முறையாவது மிதித்திருப்பேன். காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் ஓட்டும்போது இவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனை நாளாயிற்று!

ஜூலை 16, புதன்

ஏழே முக்காலுக்குக் கிளம்பினாள். கூட வருகிறேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பையை மட்டும் பின் சீட்டில் வைத்தேன்.

வாசல் கேட்டில் நின்றேன். மேடு ஆரம்பிக்கிற இடத்தில் கியரைக் குறைத்தாள், இங்கே கேட்டது. எஞ்சின் பெரிதாகக் கத்திக்கொண்டு ஏறியது. கடகட இல்லை. திருப்பத்துக்கு அப்பால் எதுவும் கேட்கவில்லை. அப்புறமும் நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே வந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, மேடையெல்லாம் ஓடித் தரைக்கு வந்திருந்தது. சாயங்காலம் இவள் வருவதற்குள் துடைத்துவிட வேண்டும்.