அம்மாவின் முழங்கை உயரம்

கிள்ளான், மலேசியா.

அன்பு மகள் மெஹருன்னுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. இங்கே நான், உன் தம்பி நிஜாம், அவன் பெண்டாட்டி சல்மா மூவரும் உடம்புக்குச் சுகம்தான், மனசைப் பற்றிக் கேட்காதே. வீடியோ காலில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன். அம்மா மவுத்தானபோது உன்னால் வந்து சேர முடியவில்லை, நான் வரும்வரை அம்மாவின் அடுப்படியில் ஒன்றையும் மாற்றாதீர்கள் அத்தா என்று கெஞ்சினாய், நானும் சரி என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை மகளே. அம்மா நின்று சமைத்த மேடையை, அந்த டேபிள் டாப்பை, உயர்த்திவிட்டேன்.

கோபப்படாமல் கேள். யார் வீட்டுக்குக் கிச்சன் கேபினட் செய்தாலும் அங்கே சமைக்கிறவரின் முழங்கை உயரத்தை வைத்துத்தான் டேபிள் டாப் போடுவது நம் தச்சுப் பட்டறை வழக்கம். அப்போது ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த புது ஆள் நான், வேற்று வீட்டுப் பெண்களின் கையருகே டேப் பிடிக்கக் கூச்சப்பட்டேன், அதனால் உன் அம்மாதான் கூட வந்து பிடித்தாள். அவள் போன பிறகு அந்த வேலையைச் சல்மா செய்கிறாள். போன வாரம் சுங்கை பூலோவில் இராஜம்மா என்ற ஓர் அக்காவுக்கு அளவெடுக்கப் போனோம், பழைய உயரமே போதும் என்றார் அவர். சல்மா டேப்பைப் பிடித்தபடியே, வேணாம்க்கா, நீங்க உயரம், தினம் குனிஞ்சு வெட்டினா இடுப்பு போயிரும், படுத்தா தூக்கமே வராதுலா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டு டேபிள் டாப் உன் அம்மாவின் குட்டை உருவத்துக்குப் போட்டது, சல்மா அவளைவிட ஒரு தலை உயரம். லோரியில் திரும்பும்போது உனக்கும் இடுப்பு வலியா என்று சல்மாவிடம் கேட்டேன், அதெல்லாம் இல்ல மாமா என்று பேச்சை மாற்றினாள். நிஜாம்தான் சொன்னான், மாசக்கணக்காக இடுப்பில் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுக்கிறாளாம், அது மாமி நின்ற இடம், மாமாகிட்ட சொல்லிடாதீங்க என்று சத்தியம் வாங்கியிருக்கிறாளாம். ஊரார் வீட்டுக்கெல்லாம் அளவெடுக்கிற எனக்கு என் வீட்டுப் பிள்ளையின் வலி தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் டெங்கிலில் இருக்கும் சல்மாவின் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் ஒருவனே செய்தேன். லோரி ஜாக்கை வைத்துக் கேபினட்டைத் தூக்கி அடியில் மெராந்தி மரக்கட்டை கொடுத்தேன். கை பழகிய வேலைதான், ஆனாலும் ஸ்க்ரூவை முடுக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா நின்று உரசி உரசி விளிம்பில் நிறம் போன இடம் அப்படியே இருக்கிறது, அவள் இருந்தால் இப்போது அது அவள் நெஞ்சுக்கு வரும். இந்த வீட்டில் அவள் அளவுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். சல்மா வந்து பார்த்தாள், நிமிர்ந்து நின்று வெங்காயம் வெட்டினாள். அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசிவிடாதே, கோபமெல்லாம் என்மேல் இருக்கட்டும்.

காதில் குளிர் ஏறாமல் துணி கட்டிக்கொள். தொழுகையில் அம்மாவுக்காகத் துஆ கேட்க மறக்காதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் தருவானாக. உனக்கும் அம்மாவின் உயரம்தான், வந்தால் சமைக்கச் சிரமப்படுவாய் என்று ஏறி நிற்க ஒரு பலகை செய்தேன், நான் உயர்த்திய அளவுக்கே அதன் உயரம். நேற்று அதை டேபிள் டாப்புக்கு முன்னால் போட்டுப் பார்த்தேன். அளவெல்லாம் சரியாக இருக்கிறது, நிற்கத்தான் ஆளில்லை. லீவு கேட்டு வா மகளே.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அத்தா,
ஜமால் முகமது