எக்ஸ்ட்ரா பெட்

நவம்பர் 18, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். போன வருடக் குளிர்கால டூரில் நாங்கள் தங்கியது ஹோட்டலே இல்லை, ஐஸ்பெட்டி என்று மதியம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாளி எனக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அப்ப இந்த வருஷம் நீயே பாரு. வசதியா இருக்கணும், ஊருக்கு நடுவுல இருக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

எங்கள் லேபில் செயற்கைப் பல் செய்கிறோம். வருடத்தில் ஒருமுறை, டிசம்பரில், பீங்கான் உலைகளைப் பிரித்துச் சரிபார்க்க ஆள் வருவார்கள். அந்த மூன்று நாளும் லேப் மூடல். சும்மா வீட்டில் இருக்கவிடுவதற்குப் பதிலாக முதலாளி எங்களை வேனில் ஏற்றி ஒரு குளிர் நகரத்துக்குக் கூட்டிப்போவார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். சம்பளத்தை உயர்த்தச் சொன்னால் மட்டும் பங்காளி ஆகிவிடுவோம்.

நவம்பர் 20, வியாழன்

வசதி என்றால் என்ன? இன்று ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கேட்டேன்.

கணக்கு மேடம்: "குழாயத் திறந்தா வெந்நீர் வரணும். யாரையும் கெஞ்சக் கூடாது." பாலிஷ் போடுகிறவர்: "சத்தம் இருக்கக் கூடாது." நாள் முழுக்க அந்த மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர் வேறென்ன கேட்பார். எனக்குப் பக்கத்து மேஜைக்காரி, மெழுகில் பல் செதுக்குகிறவள், அவளை மெழுகு என்றே கூப்பிடுவோம் — அவளுக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் வேண்டும். "கீழ பாத்தா கடை தெரியணும். பனி விழுந்தா எனக்குத்தான் மொதல்ல தெரியணும்." முதலாளிக்கு மெத்தை. முதுகில் ஏதோ பிரச்சினை.

டீ அக்கா கோப்பைகளை எடுக்க வந்தார். அவரையும் கேட்டேன்.

"எனக்கென்ன பாப்பா, எங்க போட்டாலும் தூங்குவேன்."

வசதி பற்றி எதுவும் சொல்லாமல் போன ஒரே ஆள்.

நவம்பர் 23, ஞாயிறு

நாள் முழுக்க போனில் ஹோட்டல் படங்கள். எல்லா அறையும் மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்தவை. பல்லின் நிறம் பார்ப்பது என் வேலை. மஞ்சள் விளக்கில் எந்தப் பல்லும் ஆரோக்கியமாகத் தெரியும். அதனால் தங்கிப்போனவர்கள் ஜன்னல் ஓரம் எடுத்த மங்கலான படங்களை மட்டும் நம்புவது என்று முடிவு செய்தேன்.

அவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒரே ஹோட்டல், ஒரே வாரம். ஒருவர் "அறை வெந்துவிட்டது" என்கிறார். இன்னொருவர் "கோட்டோடு தூங்கினேன்". இருவருமே பொய் சொல்லவில்லை என்றால்? ஹீட்டருக்குப் பக்கத்து அறைக்காரர் ஒருவர், சூடு வருகிற குழாயின் கடைசி நுனியில் இருந்தவர் ஒருவர். ஒரே கட்டிடத்துக்குள் இரண்டு தட்பவெப்பம். ஆபீஸில் இல்லையா என்ன?

அம்மா எட்டிப் பார்த்தாள். "பதிமூணு பேருக்கு நீ படுக்கை பாக்கறியா? மொதல்ல உன் போர்வைய மடிடி."

நவம்பர் 26, புதன்

சதுக்கத்து மூலையில் இருக்கிற ஹோட்டலுக்கு போன் போட்டேன். ரிசப்ஷனில் தூக்கக் கலக்கக் குரல்.

"ஹீட்டர் இருக்கா?"

"இருக்கு."

"வேலை செய்யுமா?"

"இருக்குன்னு சொன்னேனேம்மா."

எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். ஹீட்டர் வேலை செய்கிறது. மெத்தை புதுசு. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. வாசலில் இறங்கினால் சதுக்கம், ஒரு பக்கம் சந்தை, ஒரு பக்கம் ஏரிக்குப் போகிற தெரு. இரண்டு இரண்டு பேர் தங்க ஆறு அறை தர முடியும்.

"குறைன்னு ஏதாவது?"

கொஞ்சம் யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, "லிஃப்ட் கிடையாது. டீ, காபி எதுவும் மேல கொண்டு வர மாட்டோம். கெட்டில் கீழ வராந்தால இருக்கும், வேணுங்கறவங்க எறங்கி வந்து போட்டுக்கணும்" என்றார்.

இதெல்லாம் ஒரு குறையா? சொல்லிவைத்துவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

ஆறு அறை. பன்னிரண்டு பேர். நாங்கள் பதிமூன்று. ஆண்கள் எட்டுப் பேர் சரியாக அடங்கிவிட்டார்கள். பெண்கள் ஐந்து பேர். கணக்கு மேடமும் எங்கள் லேப் ரிசப்ஷன் பெண்ணும் ஓர் அறை, நானும் மெழுகும் ஓர் அறை. மிச்சம் டீ அக்கா.

முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவளுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டுக்கலாம். எந்த ரூம்லன்னு நீங்களே பேசிக்கோங்க."

கணக்கு மேடம் உடனே: "எங்க ரூம் வேண்டாம். எனக்கு ஆள் நடமாட்டம் இருந்தா தூக்கம் வராது."

ஆள் நடமாட்டமாம். அதே டீ அக்கா நாளுக்கு எத்தனை முறை அந்த மேஜைக்கு நடந்து போகிறார்?

அப்போதுதான் ஒன்று உறைத்தது — போன வருடம் அவர் எங்கே படுத்தார்? மெழுகைக் கேட்டேன். "நம்ம ரூம்ல இல்லையே." கணக்கு மேடம்: "மொத நாள் எங்க ரூம்ல இருந்தா. அப்புறம் உங்ககிட்டன்னு நெனச்சேன்." முதலாளி: "நல்லாத்தானே இருந்தா, என்ன இப்போ?"

மூன்று நாள் ஒரே வேன், ஒரே ஹோட்டல். ஒரு மனுஷி எங்கே தூங்கினாள் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. நானும்தான் போயிருந்தேன்.

அக்காவையே கேட்டேன். "எங்கயோ படுத்தேன் பாப்பா. இப்ப அதுக்கென்ன, டீ ஆறுது பாரு."

டிசம்பர் 1, திங்கள்

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அக்கா எங்கள் அறையில். எக்ஸ்ட்ரா பெட்டில் நான் படுப்பேன், என் கட்டில் அக்காவுக்கு. கணக்கு மேடம் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். கூச்சம் போல.

டிசம்பர் 2, செவ்வாய்

லிஃப்ட் இல்லை, கெட்டில் கீழே என்பதை எல்லோருக்கும் சொன்னேன். முணுமுணுத்தார்கள். போய்த் தொலையட்டும்.

டிசம்பர் 3, புதன்

அதிசயம். கணக்கு மேடம் என் மேஜைக்கே வந்து நின்றார். "யோசிச்சுப் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் சின்னப் பொண்ணுங்க, ராத்திரி பூரா கதை பேசுவீங்க. அவ எங்க ரூம்லயே இருக்கட்டும்."

மத்தியானம் டெலிவரி அண்ணன்: "அக்காவுக்கு எந்த மாடி? எங்க மாடியா இருந்தா நல்லா இருக்கும்."

சாயங்காலம் முதலாளியே: "அவளை ரெண்டாவது மாடில போடு. நடுவுல இருந்தா எல்லாருக்கும் சௌகரியம்."

வெள்ளிக்கிழமை யாருக்கும் வேண்டாதவர் புதன்கிழமைக்குள் எப்படி இவ்வளவு வேண்டியவர் ஆனார்? நான் பேசினது உறைத்துவிட்டதா? மனுஷங்களைப் பற்றி நான்தான் அவசரப்பட்டுத் தப்பாக நினைக்கிறேனா?

டிசம்பர் 4, வியாழன்

இல்லை. நான் தப்பாக நினைக்கவில்லை.

மெழுகுதான் போட்டு உடைத்தாள், அதுவும் சாதாரணமாக, பல் செதுக்கிக்கொண்டே. "மேடம் கேட்டா குடுத்துடாதடி. அக்கா நம்மகூட இருந்தா காலைல எறங்க வேண்டாம். அவங்க எப்படியும் எழுந்து கீழ போவாங்க, நமக்கும் சேத்துப் போட்டுக் கொண்டு வந்துடுவாங்க."

அந்தக் கெட்டில். மாடியேறி வராத அந்தக் கெட்டிலுக்குத்தான் இத்தனை பாசம்.

ஆத்திரத்தில் ஒரு முன்பல்லுக்கு நிறம் தப்பாகக் கலந்துவிட்டேன். என்ன ஜனங்கடா இது. ஆளைக் கேக்கறாங்களா, கையைக் கேக்கறாங்களா?

டிசம்பர் 5, வெள்ளி

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் டீ போடுகிற அறைக்குப் போனேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் அடுப்பைப் பற்றவைக்க எழுந்தார். வேண்டாம் என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கும் உங்களை விட்டுத்தர மாட்டேன், என் அறையில் நீங்கள் ஒரு கோப்பைகூடத் தொட வேண்டாம் என்று கொஞ்சம் வீராவேசமாகவே சொன்னேன்.

அக்கா சிரித்தார். "போன வருஷம் எங்க படுத்தேன்னு கேட்ட இல்ல? ரிசப்ஷன் சோபால."

"அவங்க வெளிய அனுப்பிட்டாங்களா?"

"யாரு அனுப்பினா? நானாத்தான் வந்துட்டேன். மேடம் ரூம்ல படுத்தா, ஜன்னல சாத்து, தைலத்த எடு, மணி என்ன பாரு. சோபால அந்த வாட்ச்மேன் குறட்டை மட்டும்தான். அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்."

"அதனாலதான் சொல்றேன், எங்க ரூமுக்கு வாங்க."

"உங்க ரூமும் வேண்டாம் பாப்பா."

ஏன் என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னப்பிள்ளை அழுவது மாதிரி கேட்டது.

"நீ நல்ல பொண்ணு. ஆனா நீ கட்டில்ல படுங்கக்கான்னுவ, நான் வேண்டாம்னுவேன், அதுலயே ராத்திரி போயிடும். அப்புறம் போர்வைக்குள்ளேர்ந்து கேள்வி கேப்ப. எத்தனை வயசுல வேலைக்கு வந்தீங்க, வீட்டுக்காரர் எப்படி. அதுவும் வேலைதான் எனக்கு."

இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்ப உங்களுக்கு எது வசதி?" என்று கடைசியில் கேட்டேன். போன தடவை கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை அவர் யோசித்தார்.

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்கணும். உங்க யார் கண்ணுலயும் படாத எடமா இருக்கணும். வீட்ல மாமியார், மச்சினர், ரெண்டு பசங்க. இங்க நீங்க. தனியா ஒரு ரூம்ல இதுவரைக்கும் நான் இருந்ததே இல்ல. எப்படி இருக்கும்னு பாக்கணும். ரெண்டே ராத்திரி."

ஹோட்டல் தேடும்போது எனக்கு வந்த அதே ஆசை. எப்படி இருக்கும் என்று பார்க்கணும்.

டிசம்பர் 8, திங்கள்

சந்தையும் சதுக்கமும் எவ்வளவு பக்கம் என்று போன மாதம் தேடியவள், இன்று எவ்வளவு தூரம் என்று தேடினேன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன விடுதி. ஓர் அம்மா தனியாக நடத்துகிறார். ஒருவர் மட்டும் தங்குகிற அறை, கட்டிலில் இருந்தே கை எட்டுகிற ஹீட்டர்.

அக்காவிடம் போனைக் கொடுத்தேன். கட்டிலை அவர் பார்க்கவே இல்லை. படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக் கதவைப் பார்த்தார்.

"தாழ்ப்பா நல்ல கனமா இருக்கு" என்றார்.

டிசம்பர் 10, புதன்

முதலாளியிடம் போனேன். போகும்போது உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன் — சார், அந்த அம்மாவுக்கும் ஓய்வு வேண்டும், டூர் எல்லோருக்கும்தானே என்று. நேற்றிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

அக்காவுக்குத் தனி ரூம் என்று ஆரம்பித்ததுமே, "தனி ரூமா? அவளுக்கா?" என்று சிரித்தார். "பயந்துக்குவா. பழக்கமில்லாதவ."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் புரிந்தது. உண்மையைச் சொன்னால் இவர் பெரிய மனசு பண்ணி, "சரி, பாவம், நம்ம ஹோட்டல்லயே ஒரு சின்ன ரூம் பாரு" என்பார். கெட்டிலுக்கு எதிர் அறை.

"எக்ஸ்ட்ரா பெட் போட ஹோட்டல்ல ஒத்துக்கல சார். தீப்பிடிச்சா வழி வேணுமாம். ரூமுக்கு ரெண்டு பேர்தானாம்."

"அப்ப பக்கத்துல எங்கயாவது பாரு."

"பக்கத்துல எல்லாம் நிரம்பிடுச்சு சார். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுதான் இருக்கு."

அவ்வளவு சரளமாக எனக்குப் பொய் வரும் என்று இன்றுதான் தெரிந்தது. முகத்துக்கு நேராகப் பேசுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

டிசம்பர் 19, வெள்ளி

வந்து சேர்ந்தோம். வேனை ஏரி ஓரம் நிறுத்தினார்கள். அக்கா ஒரே ஒரு பையோடு இறங்கினார். கம்பளித் தொப்பி, கண் மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

சதுக்கத்து ஹோட்டல் நன்றாக இருக்கிறது. ஹீட்டர் இருக்கிறது, வேலையும் செய்கிறது. மெழுகு ஜன்னலை விட்டு நகரவில்லை.

டிசம்பர் 20, சனி

காலையில் மாடிப்படி முழுக்கச் செருப்புச் சத்தம். முதலாளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு கெட்டில் முன்னால் நிற்கிறார். எதை அமுக்குவது என்று தெரியவில்லை. டெலிவரி அண்ணன் வந்து அமுக்கினார்.

கணக்கு மேடம் நாலு கோப்பையைத் தட்டில் வைத்துக்கொண்டு படியைப் பார்த்தபடி நின்றார். "அவ எங்கதான் இருக்கா? ஹோட்டல் பேரென்ன? ஒரு போன் போட்டா நடந்து வந்துடமாட்டாளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"போர்டு கவனிக்கல மேடம்" என்றேன், அதை புக் பண்ணினதே நான்தான் என்றாலும்.

மெழுகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கும் சேர்த்து ஒரு கோப்பை போட்டு மேலே எடுத்து வந்தாள். வழியில் பாதி சிந்திவிட்டது.

டிசம்பர் 21, ஞாயிறு

திரும்புகிற வழி. வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குலுக்கலில் எழுத்து கோணுகிறது.

ஏரி ஓரம் அக்கா ஏறினார். என் பக்கத்து இருக்கைதான் காலி. முகம் உப்பியிருந்தது, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். எனக்கு நாக்கு நுனியில் நூறு கேள்வி. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வெகுநேரம் கழித்து அவரே என் முழங்கையை இடித்தார். "என்ன, எதுவும் கேக்கல?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க."

அக்கா கைகளை மடியில் வைத்திருந்தார்.

"நேத்து காலைல யாரோ கதவத் தட்டினாங்க பாப்பா."

"யாரு?"

"தெரியல. நான் எழுந்திருக்கவே இல்ல. படுத்துட்டே தாழ்ப்பாளப் பாத்துட்டு இருந்தேன். ரெண்டு வாட்டி தட்டிட்டுப் போயிட்டாங்க." அக்கா தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சாய்ந்தார். "பாவம், டீ கொண்டு வந்திருப்பாங்க."