சுண்ணாம்பு இல்லாத தண்ணீர்

ரயில்வே குடியிருப்பு, கலுண்ட்வே
13 செப்டம்பர் 1997, சனிக்கிழமை

அன்பு மகள் கசூபாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் உன் கணவர் லெங்வேயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எதையும் சுற்றி வளைத்தே சொல்கிறேன் என்று உன் அம்மா குறைப்படுவதால், சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வரும் நாள்.
2. புதுப்பித்த தண்ணீர் நிலையம்.
3. தண்ணீரைப் பற்றிப் பயம் வேண்டாம். ஒரு மணி நேரம் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும்.
4. எங்கள் உடல்நலம்.

முதலாவது. இருபதாம் தேதி பேருந்தில் நீ ஏறிவிட வேண்டும் என்கிறாள் அம்மா. உனக்காகக் கேழ்வரகு மாவு சலித்தாகிவிட்டது, நிலக்கடலையும் இடித்தாகிவிட்டது. “மொதப் பிள்ளை தாய்வீட்ல பொறக்கலேன்னா ஊரு என்னைத்தான் கேக்கும், உங்களையா கேக்கும்?” என்று தினமும் சொல்கிறாள். நானும் தலையாட்டுகிறேன்.

இரண்டாவது. முப்பத்தொரு வருடம் நான் ஆய்வகம் பார்த்த நிலையம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஜூன் மாதம் அமைச்சர் வந்து திறந்துவைத்தார். புது மோட்டார்கள், புது வடிகட்டிகள், தானாகவே மருந்து கலக்கும் பெட்டிகள். பழைய வடிகட்டி மணல் கெட்டுப்போனதை நானே மூன்று அறிக்கைகளில் எழுதியிருந்தேன். ஆகவே வேலை தேவையில்லாதது என்று சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. சுண்ணாம்புக் கொட்டகையை இடித்துவிட்டார்கள். ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் போட்டால் கலங்கல் அடியில் தங்கும், ஆனால் தண்ணீர் கொஞ்சம் புளித்துவிடும். அந்தப் புளிப்பை எடுக்கத்தான் கடைசியில் சுண்ணாம்பு கலந்தோம். ஐம்பது வருடமாக அது குழாய்களின் உள்ளே வெள்ளைப் பூச்சாகப் படிந்திருந்தது. நம் குடியிருப்பில் ரயில்வேக்காரர்கள் புதைத்தது காரீயக் குழாய். அந்தப் பூச்சு இருந்ததால்தான் தண்ணீர் காரீயத்தைத் தொடாமல் ஓடியது.

ஏப்ரலில் நிலையத்தில் நடந்த கூட்டத்துக்கு ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். இரண்டு நாள் எழுதித் தயார் செய்துகொண்டு போய், எழுந்து நின்று இதைச் சொன்னேன். பொறியாளர் ஜெரே ங்கோனி இனத்தவர், நான் பெம்பா இனம். இந்த இரண்டு இனத்தாரும் எங்கே சந்தித்தாலும் ஒருவரையொருவர் கேலி செய்தாக வேண்டும் என்ற பழைய முறை சும்மா விடுமா? “குரங்கு தின்ன பெம்பா வயித்துக்குச் சுண்ணாம்பு இல்லாம செரிக்காது போல, மச்சான்!” என்றார். மண்டபமே சிரித்தது. முறைக்குப் பதில் சொல்லாமல் உட்கார முடியாது. “எலி தின்ன ங்கோனிக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?” என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஜெரே வந்து கட்டிக்கொண்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. சிரிக்காமல் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். ஆனால் என் கணக்கே சரிதானா என்று எனக்குள் ஒரு சந்தேகம். எப்போதும் இருப்பதுதான்.

மூன்றாவது. ஜூலையிலிருந்து காலைத் தண்ணீர் லேசாகப் பழுப்பாக வருகிறது. தெருவே என்னிடம் வந்து கேட்டது. காலரா வந்த வருடம் ஒலிபெருக்கி வண்டியில் ஊர் முழுக்கச் சுற்றிச் சொன்ன அதே வார்த்தைதான் வாயில் வந்தது: ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். தேவாலயத்திலும் இரண்டு ஞாயிறு சொன்னேன். எல்லோரும் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு லவ்னஸ்தான் எல்லோரையும்விடச் சரியாகச் செய்கிறாள். பானை பாதியாகும்வரை இறக்கமாட்டாள்.

அவளுடைய சின்னவனுக்கு ஒன்றரை வயது. நான்கு வார்த்தை பேசிக்கொண்டிருந்தவன் இப்போது ஒன்றும் பேசுவதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். “பல்லு முளைக்குது, அதான்” என்கிறாள் உன் அம்மா. நேற்று லவ்னஸ் வேலியோரம் நின்று, “ஐயா, இன்னும் ஒரு அரை மணி சேத்துக் கொதிக்க வைக்கட்டுமா?” என்று கேட்டாள். செய்யம்மா என்றேன்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். உன் அம்மா தேநீரும் கெட்டிலும் கொண்டுவந்தாள். எங்கள் கல்யாணக் கெட்டில்தான். உள்ளே நகம் தடிமனுக்கு வெள்ளையாகப் படிந்திருக்குமே, சின்ன வயதில் கரண்டியால் சுரண்டி அடி வாங்குவாயே. மூடியைத் திறந்து காட்டினாள். “முப்பது வருஷமா உங்க தண்ணி இதுக்கு வெள்ளையடிச்சுது. நிலையத்துப் புதுப் பிள்ளைங்க தண்ணி தேச்சே குடுத்துடுச்சு பாருங்க, கை வலிக்காம!” என்று சிரித்தாள். உள்ளே பளபளவென்று இருந்தது.

கெட்டிலில் போனது குழாயிலும் போயிருக்கும்.

மேசை இழுப்பறையில் பழைய லிட்மஸ் தாள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. குழாய்த் தண்ணீரில் நனைத்தேன். நீலம் சிவந்துவிட்டது. நம்பாமல் இன்னும் இரண்டு தாள் நனைத்தேன்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். காரீயம் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், காரீயம் பானையிலேயே தங்கும். கொதிக்கக் கொதிக்க அடர்த்திதான் ஏறும். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரமே நான் நடத்திய பாடம் இது.

நான்காவது, எங்கள் உடல்நலம். ஜூலையிலிருந்து நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம்.

முதலாவதற்குத் திரும்புகிறேன். நீ வர வேண்டாம், மகளே. பிரசவம் லிவிங்ஸ்டனிலேயே நடக்கட்டும். அம்மா அழுவாள், உன் மாமியாரை என்னென்னவோ பேசுவாள். அவளை அங்கே அனுப்பிவைக்கிறேன், மாவும் கடலையும் அவளோடு வரும். நான்கு மணிப் பேருந்து ஓட்டுநரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன். நாளை ஞாயிறு. பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நிற்பேன். ஜெரேயும் அங்கே இருப்பார். இந்த முறை யார் சிரித்தாலும் நான் சிரிக்கப் போவதில்லை.

அதற்கு முன் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். ஜன்னல் வழியாகத் தெரிகிறது: லவ்னஸின் அடுப்பில் பானை ஏறியிருக்கிறது.

உன் பிள்ளை நல்ல தண்ணீரில் வளரட்டும். கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

ஆய்வகக் குறிப்பேட்டில் தவறை அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதனால்தான் கடிதத்தைத் திருப்பி எழுதாமல் முதல் பக்கத்தில் கோடு மட்டும் போட்டிருக்கிறேன். மூன்றாவது குறிப்பு தவறு.

உன் அப்பா,
கபெம்ப்வா