பன்னிரண்டு படி வீடு

சாக்ரமெண்டோ,
9 பிப்ரவரி 1998

அன்புள்ள பெர்னிஸ் ஆன்ட்டி,

நான் ஜோஸ்லின். குடும்பப் பெயர் தாம். வயது பதினொன்று. உங்கள் ‘மூடுபனித் தீவு’ புத்தகத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். நாரைத் தலைக் காவலன் கேள்வி கேட்கும் இடம்தான் எனக்கு உயிர். யின் என்கிற பெண், இல்லாத ஒரு வீட்டை இருப்பதாகச் சொல்ல வேண்டும். அவளுடைய அண்ணனாக நடிக்கும் ஃபேயும் அதே பதில்களைச் சொல்ல வேண்டும். ஒன்று மாறினாலும் இரண்டு பேரும் பனியாகிப் போவார்கள். எப்படித்தான் யோசித்தீர்களோ! எங்கள் வகுப்பே இப்போது அதைத்தான் விளையாடுகிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கிழக்கே கிணறு, வாசலுக்கு மேல் நின்றுபோன கடிகாரம், மூன்றாவது வீடு காலி என்று வந்ததும் கையைத் தூக்கினார்.

“நிறுத்து. படி எத்தனைன்னு போட்டிருக்கா?”

“பன்னெண்டு.”

“எழுதினவ பேரு?”

“பெர்னிஸ் லூயி.”

மேலே படிக்கச் சொன்னார். கடைசியில் ஃபேய் வீட்டைக் காட்டிக்கொடுத்து யின்னைப் பனியில் தள்ளுகிறானே, அதைப் படித்த அன்று கஞ்சியைத் தொடவில்லை.

அந்த வீடு உங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் ரசிகை,
ஜோஸ்லின்


சான் பிரான்சிஸ்கோ,
20 பிப்ரவரி 1998

அன்புள்ள ஜோஸ்லின்,

உன் கடிதத்தை நின்றபடி படித்தேன். பிறகு உட்கார்ந்து, மறுபடி.

அது நான் யோசித்த வீடு இல்லை. என் தாத்தா ஹோய் சொன்ன வீடு. அன்றைய சட்டம் சீனர்களை அமெரிக்காவுக்குள் விடாது. இங்கே குடியுரிமை உள்ளவரின் மகன் என்றால் விடும். 1938-இல் லூயி என்ற ஒருவருக்கு, காகிதத்தில் மட்டும் பிள்ளைகளாக, என் தாத்தாவும் இன்னொரு பையனும் ஒரே கப்பலில் வந்தார்கள். ஒருவரை ஒருவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரே வீட்டை மனப்பாடம் செய்தார்கள். இந்த ஊர்க் கரைக்கு எதிரே உள்ள தீவில் தனித்தனி விசாரணை. தப்பினார்கள். இருபது வருடம் ஒரே சலவைக் கடையில் அண்ணன் தம்பியாக இருந்தார்கள்.

1959-இல் அண்ணன் அதிகாரிகளிடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டார். ஒருவர் ஒப்புக்கொண்டால் மற்றவரும் அகப்படுவார். என் தாத்தாவின் குடியுரிமை போயிற்று. திரும்பக் கிடைக்கப் பதினோரு வருடம். அதற்குள் சீனாவில் அவருடைய அம்மா இறந்தார். போக முடியவில்லை.

அண்ணனின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் ஃபேய் என்று ஒரு பெயர் வைத்தேன்.

இரண்டாம் பாகம் மேசையில் கிடக்கிறது. அதில் நாரை ஃபேயை விழுங்குகிறது. ஏப்ரலில் பதிப்பகத்துக்குப் போகும்.

உன் தாத்தா அவர்தான் என்று நினைக்கிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்டாதே.

பெர்னிஸ்


சாக்ரமெண்டோ,
3 மார்ச் 1998

அன்புள்ள ஆன்ட்டி,

படித்துக் காட்டிவிட்டேன். மன்னியுங்கள். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது.

அவர்தான்.

தாத்தா பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கப்பலில் மனப்பாடம் செய்த கேள்வி பதில். கரை வருவதற்குள் கடலில் எறிந்திருக்க வேண்டியது. அதில் படிகள் ஒன்பது! புத்தகத்தில் தப்பு என்று கத்தினேன். தாத்தா சிரித்துவிட்டார்.

“தப்பு அவளோடது இல்லடி. ஹோயோடது. பதினாலு வயசுப் பய, பயத்துல பன்னெண்டுன்னு உளறிட்டான். எனக்கெப்படித் தெரியும்? மறுநாள் நான் ஒம்போதுன்னேன். அதிகாரி பேனாவைக் கீழ வச்சான். ‘உன் தம்பி பன்னெண்டுங்கிறானே?’”

“ஐயோ! நீங்க என்ன சொன்னீங்க?”

“‘அவன் பெரிய சோம்பேறி ஐயா. குளத்துல துணி அலசிட்டு வாடான்னா, அங்க இறங்குற மூணு படியையும் வீட்டுக் கணக்குல சேத்துடுவான். கால் வலியாம்!’ன்னேன். மொழிபெயர்க்கிற ஆளு சிரிச்சான். அப்புறம் அதிகாரியும் சிரிச்சுட்டான்.”

அந்த நோட்டில் குளமே இல்லை, ஆன்ட்டி. நான் தேடிப் பார்த்தேன்.

பிறகு ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

“உங்கப்பன் பொறந்தான். பொறப்புப் பத்திரத்துல லூயின்னு எழுதக் கை வரல. நம்ம பேரோட இருக்கட்டும்னு போனேன். ஹோயை விட்டுட்டுச் சொல்லிடலாம்னு நெனச்சேன். ‘கூட வந்தது யாரு’ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்கு எனக்கு எந்தப் பொய்யும் தோணல.”

நோட்டை டப்பாவில் வைத்துக்கொண்டே, “நல்லா எழுதுறா. நாரை முழுங்கினா முழுங்கட்டும்” என்றார். அவருக்குச் சம்மதம். எனக்கு இல்லை.

ஜோஸ்லின்


சான் பிரான்சிஸ்கோ,
15 மார்ச் 1998

அன்புள்ள ஜோஸ்லின்,

என் தாத்தா சாகும்வரை பன்னிரண்டு என்றே சொன்னார். ஒன்பதுதான் சரி என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மூன்று படிகள் எங்கிருந்து வந்தன என்றும் தெரிந்திருக்கும். அண்ணனின் பெயரை விட்டுவிட்டார். அந்தப் படிகளை விடவில்லை.

நான் நாரைத் தலைக் காவலனை எழுத மூன்று வருடம் ஆயிற்று. உன் தாத்தா பதினேழு வயதில், அதிகாரிக்கு எதிரே, ஒரு மூச்சு நேரத்தில் ஒரு குளத்தை வெட்டிப் படிகளும் கட்டியிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நாரை அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். இப்போது வீட்டுக்குக் கீழே ஒரு குளம். ஃபேய் கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறான். பனியிலிருந்து யின் வருகிறாள். அதற்கு மேல் எழுத வரவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் என் தாத்தாவுக்கு நான் செய்யும் துரோகம். திரும்பிப் போய்விட்டாள் என்று எழுதினால் எனக்கு நானே.

உங்கள் வீட்டுக்கு ஒருநாள் வரலாமா என்று அவரிடம் கேள். வேண்டாம் என்றால் அதையும் அப்படியே எழுது.

அன்புடன்,
பெர்னிஸ்


சாக்ரமெண்டோ,
24 மார்ச் 1998

அன்புள்ள ஆன்ட்டி,

கேட்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முடி வெட்டிக்கொண்டு திரும்பினார். யாரோ வருகிறார்கள் என்றால்தான் வெட்டிக்கொள்வார்.

அப்புறம் என்னை வெளியே கூப்பிட்டு, வாசல் படிகளை எண்ணச் சொன்னார். எண்ணினேன். எங்கள் வீட்டுக்கு மூன்று படிதான்.

“போதும். மீதி ஒம்போதை அவளை எடுத்துட்டு வரச் சொல்லு” என்கிறார்.

ஜோஸ்லின்