முழங்கால் தண்ணீர்

2603 (ஜப்பான்காரன் கணக்கு; நமக்கு 1943), ஜூலை 5, திங்கள்

வெயில். பத்து நாளாக மழை இல்லை, ஆறு வற்றிக் கிடக்கிறது. இரண்டு வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் ஜப்பான்காரன் லோரி ரந்தாவ் வரை வந்துவிட்டதாம். இங்கே வந்தால் ஆற்றைக் கடந்து சதுப்புக் காட்டுக்குள் ஓடிவிடுவது என்று தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் ஆண்கள் முடிவு. எல்லோருக்கும் சுலபம். முப்பது வயதாகியும் தண்ணீருக்குப் பயந்து கிணற்றைக்கூட எட்டிப் பார்க்க முடியாதவன், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்ன கிராணி நான் ஒருவன்தான். மச்சானிடம், அக்காள் புருஷனிடம், சொன்னேன். சிரித்தார். "தண்ணி முழங்காலுக்குத்தான்லா. நான் கூட்டிட்டுப் போறேன்."

ஜூலை 7, புதன்

விடிந்ததும் லோரி. எல்லோரும் ஓடினார்கள். நான் கரை வரை. கால் நகரவில்லை. காதில் இரைச்சல், வாயில் உப்புக் கரிப்பு. அக்கரை சேர்ந்துவிட்ட மச்சான் என்னைப் பார்த்துத் திரும்பி வந்தார். இழுத்தார். நான் மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

"விடுடா. கண்ண மூடிக்கிட்டு வாடா."

விடவில்லை. அதற்குள் சிப்பாய்கள்.

ஆபீஸ் வாசலில் நிறுத்தினார்கள். பெரிய கிராணி என்னைக் காட்டி, "இவன் இல்லாட்டி பேர் எழுத ஆளில்ல" என்றார். என்னை விட்டுவிட்டார்கள். நான் ஓடியே இருக்க வேண்டாம். பிடிபட்டவர்கள் பட்டியலை என்னையே எழுதச் சொன்னார்கள். மச்சான் பெயரும் என் கையால். எழுத்து கோணவில்லை. அதுதான் அசிங்கம்.

ஜூலை 8

அக்காள் பேசவில்லை. கிழங்கை அவித்து வைத்துவிட்டுப் போனாள். தின்றேன்.

ஜூலை 11, ஞாயிறு

அக்காள் வாய் திறந்தாள். நாங்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திறங்கியபோது அம்மா பினாங்கு முகாமில் காய்ச்சலில் செத்தாள் என்றுதான் இத்தனை வருஷம் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பொய்.

"கப்பல்லியே செத்துப்போச்சு. சாக்குல கட்டிக் கடல்ல எறக்குனாங்க. ஒனக்கு மூணு வயசு, என் இடுப்புல இருந்த. அம்மா முழுகுறதப் பாத்துட்டுக் கத்துன. அப்பா ஒன் வாயப் பொத்துனாரு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ மறந்துட்டேன்னு நெனச்சோம்."

ஆக, நான் கோழை இல்லை. காரணம் உள்ளவன். இதை மச்சானிடம் யார் போய்ச் சொல்வது?

ஜூலை 12

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். படித்தவன் புத்தி. ஆற்றுக்குப் போனேன். கணுக்கால் நனைந்ததும் வாந்தி.

சிரம்பானிலிருந்து ரயில் புறப்பட்டுவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். பிடிபட்டவர்களைச் சாமான் பெட்டிகளில் ஏற்றினார்களாம்.

ஜூலை 16, வெள்ளி

வேலை முடிந்து வந்தபோது அக்காள் வாசலில் நின்றாள்.

"அவரு துணி மூட்டைய அக்கரையில போட்டுட்டுத்தான் ஒனக்காகத் திரும்பினாரு. வா, எடுக்கணும்."

தண்ணீரில் அவள் முன்னால் நடந்தாள். நடு ஆற்றில் கத்திவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தேன். மூட்டையைக் கரையான் அரித்திருந்தது. ஒரு வேட்டி மட்டும் தேறியது. உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதான்டா. இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்."