வண்டியை ஏன் விக்கலைன்னா

கண்ணா,

நானும் அப்பாவும் சுகம். நீயும் உடம்புக்கு ஒண்ணும் வராம, வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கிட்டு இருப்பேன்னு நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறும்போது கடவுளைக் கூப்பிடறார், இறங்கும்போது என்னைக் கூப்பிடறார். சமையலறைக் குழாய் ஒழுகறது நின்னுடுச்சு. இதையெல்லாம் போன்லயே சொல்லலாமேன்னு நீ கேப்பே. போன்ல நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா உன் அப்பா நடுவுல பூந்து மீதியை அவர் சொல்லிடறார், அதுவும் தப்பா. பஸ்ஸுல கண்டக்டரா இருந்து காலமெல்லாம் கத்தின தொண்டைக்கு முன்னாடி என் குரல் எங்கே எடுபடும். வண்டியை ஏன் இன்னும் விக்கலைன்னு நீ ரெண்டு தடவை கேட்டுட்டே, ரெண்டு தடவையும் பதில் பாதியிலயே நின்னுபோச்சு. அதனால எழுத்துலயே முழுசா சொல்றேன், அவசரப்படாம படி.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரர் இருக்கார், கால்ல சர்க்கரைப் புண்ணு, வாரத்துல ரெண்டு நாள் நான்தான் வீட்டுக்குப் போய் கட்டு மாத்தறேன். அன்னிக்கு அப்பாவுக்கும் அதே பக்கம் கண் டாக்டர்கிட்ட போகணும்னு பின்னாடி ஏத்திக்கிட்டேன். பாலத்துல பாதி ஏறியிருப்போம், திடீர்னு இன்ஜின் சத்தமே இல்லை. லைட் இல்லை, ஹாரன் இல்லை, செத்துப்போன மாதிரி. பின்னாடி லாரி. திரும்பிப் பார்க்கக்கூட பயமா இருந்தது. உன் அப்பா பழக்கதோஷத்துல கையை வெளியே நீட்டி ஹோல்டான் ஹோல்டான்னு பாலமே அதிரக் கத்தினார் பாரு, கண்டக்டர் குரல் கேட்டா எந்த டிரைவருக்கும் கால் தானா பிரேக்குக்குப் போயிடும் போல, லாரி நின்னுடுச்சு. நான் ஓரம் கட்டினேன். ஹேண்டிலுக்குக் கீழேர்ந்து மெல்லிசா புகை, ரப்பர் கருகின நாத்தம். இத்தனை வருஷம் நர்ஸா எவ்வளவோ ரத்தம் பார்த்திருக்கேன், இப்படிப் பயந்தது கிடையாது.

தள்ளிக்கிட்டே வந்து நம்ம தெருமுனை மெக்கானிக்கிட்ட விட்டோம். அவன் முன் லைட்டைக் கழட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். ஹேண்டில் திரும்பற இடத்துல ஒயர் கொத்து இரும்பு விளிம்புல ஒரசி ஒரசி மேல் தோல் உரிஞ்சு உள்ளே செம்பு தெரியுது, ரெண்டு ஒயர் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. சிஸ்டர், இது நீங்க ஓட்டின தப்பு இல்லை, நான் சர்வீஸ் பண்ணின தப்பும் இல்லை, தயார் பண்ணும்போதே ஒயரைத் தப்பான இடத்துல விட்டுட்டாங்கன்னான். இந்த மாதிரி வண்டிகளைக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு, வயரிங்கை மொத்தமா மாத்திக் கொடுக்குதாம், அதுக்கு ரீகால்னு பேராம். வண்டிக் கழுத்துல பொறிச்சிருக்கிற நம்பரை போன்ல போட்டுப் பார்த்தான், நம்ம வண்டியும் அதுல இருக்கு. அப்போ நமக்கு ஏன் யாரும் சொல்லலைன்னா, நாம எங்க ஆஸ்பத்திரி கம்பவுண்டர்கிட்டேர்ந்து பழைய வண்டியா வாங்கினோம் இல்லையா, கம்பெனியில அவர் பேரும் அவர் போன் நம்பரும்தான் இருக்கு. அவர் அந்த நம்பரை எப்பவோ தலை முழுகிட்டார். தகவல் காத்துல போச்சு. மெக்கானிக் இன்னொண்ணும் சொன்னான். நானே வெட்டி ஒட்டிக் கொடுத்துடுவேன், ஆனா வேற கை பட்டுடுச்சுன்னு கம்பெனிக்காரன் நாளைக்குக் கையை விரிச்சாலும் விரிப்பான், யோசிச்சுக்கோங்க, இப்போதைக்கு டேப் சுத்தி வெக்கறேன், வண்டி ஓடும், ஆனா ஓட்டச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்னான்.

அப்புறம் வீட்டுல ஆளுக்கொரு பேச்சு. அப்பா என்ன சொன்னார்னா, டேப்தான் சுத்தியாச்சே, பாலத்துப் பக்கம் போகாம மெதுவா ஓட்டலாமேன்னார். ஷோரூமுக்குப் போன் போட்டா ஒரு பொண்ணு தேன் ஒழுகப் பேசறா, பார்ட் வரலை மேடம், வந்ததும் கூப்பிடறோம், அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு. உன் மாமா என்ன சொன்னான்னு கேக்கவே வேண்டாம், வீட்டு புரோக்கர் புத்தி எங்கே போகும், விரிசல் விட்ட சுவருக்கு வெள்ளையடிக்கறதுதானே அவன் தொழில். விஷயம் வெளியே தெரியறதுக்குள்ள தள்ளி விட்டுடு அக்கான்னான். நீயும் போன்ல அதையேதான் சொன்னே. யாருக்காவது தள்ளி விட்டுடுங்கம்மா, வேற வாங்கிக்கலாம்னு. ஒரு நாள் எனக்கும் அது சரின்னுதான் பட்டது. அதான் மாமா ஆளைக் கூட்டிக்கிட்டு வரட்டும்னு சும்மா இருந்துட்டேன்.

வந்தது ஒரு பேக்கரிக்காரர். விடியறதுக்கு முன்னாடி அடுப்பு பத்த வெக்கப் போகணும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, அதுக்குத்தான் வண்டி. கூடவே பொண்டாட்டி, கையில இன்னும் கழுத்து நிக்காத குழந்தை. அந்தப் பொண்ணு குழந்தையைத் தோள்ல சாத்திக்கிட்டு பின் சீட்டுல ஏறி உட்கார்ந்து பார்த்தா. கால் வெக்க எட்டுது, தடுப்பூசிக்குத் தூக்கிக்கிட்டுப் போக வசதியா இருக்கும்னு புருஷன்கிட்ட சொல்லிச் சிரிச்சா. மாமா எனக்குக் கண் ஜாடை காட்டறான், வாயைத் திறக்காதேன்னு. என்னால முடியலை கண்ணா. அவளைக் கையைப் பிடிச்சு இறக்கி விட்டுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன், பாலத்துல நின்னது, புகை வந்தது, கம்பெனி திரும்பக் கூப்பிடறது எல்லாம். மாமா முகம் சுண்டிப்போச்சு. பேக்கரிக்காரர் வண்டியைச் சுத்தி வந்து பார்த்தார். அப்புறம், கம்பெனியில போட்டுப் பார்க்கற அந்த நம்பர் எந்த இடத்துல இருக்கும்னு கேட்டார். ஏன்னு கேட்டா, இதே மாதிரி இன்னொரு வண்டி பார்த்து வெச்சிருக்கேன், இது அமையலைன்னா சாயங்காலம் அதைத்தான் முடிக்கறதா இருந்தேன்னார். நான் குனிஞ்சு காட்டினேன், போன்ல படம் பிடிச்சுக்கிட்டுப் போனார். அவங்க தெரு திரும்பறதுக்குள்ள மாமா ஆரம்பிச்சுட்டான், உனக்குப் பிழைக்கவே தெரியாது அக்கான்னு. பிழைக்கறதுக்குத்தான்டா சொன்னேன், அந்தக் குழந்தை பிழைக்கறதுக்குன்னேன். காபியைக்கூடக் குடிக்காம போயிட்டான், ரெண்டு நாள் கழிச்சு தானா வந்தான், அவன் கோபம் உனக்குத் தெரியாததா.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த வண்டியை விக்கறது இல்லை, கம்பெனி சரி பண்ணிக் கொடுக்கற வரைக்கும் யாரும் ஓட்டறதும் இல்லை. சாவியை என் யூனிஃபார்ம் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அப்பா பால் வாங்க மட்டும்னு கேட்டார், பால் நடந்தே வரும்னு சொல்லிட்டேன். மறுநாள் ஒரு லோடு வண்டியில ஏத்தி ஷோரூமுக்கே கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினோம். கண்ணாடிக் கதவு, தரையில முகம் தெரியுது, புது வண்டியெல்லாம் மணமேடை மாதிரி மேடை மேல நிக்குது. மேனேஜர் நல்ல மாதிரிதான், உட்காரச் சொன்னார், தண்ணி கொடுக்கச் சொன்னார். ஆனா பேச்சு மட்டும் அதே பேச்சு, மெதுவா ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது. நான் சத்தம் போடலை. சரிங்க, உங்க வார்த்தையை நம்பறேன், அதையே ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க, இந்த நம்பர் வண்டி, வயரிங் மாத்தலை, ஆனாலும் ஓட்டலாம், ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, இப்பவே ஓட்டிக்கிட்டுப் போறேன்னேன். சிரிச்சுக்கிட்டே பேனாவைத் திறந்தார். ரெண்டு வார்த்தை எழுதினார். நின்னுட்டார். பேனாவை மூடிக் கீழே வெச்சுட்டு, அப்படி எழுதிக் கொடுக்கற வழக்கம் இல்லைம்மான்னார். வாய் சொல்றதை கை ஏங்க எழுத மாட்டேங்குதுன்னு கேட்டேன். எழுதின தாளை மடிச்சு டிராயர்ல போட்டார். உன் அப்பாகூட அன்னிக்கு வாயைத் திறக்கலைன்னா பார்த்துக்கோ.

நான் எழுந்திருக்கலை. மருந்துப் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்துட்டேன். புது வண்டி பார்க்க வந்தவங்க பக்கத்துல உட்கார்ந்து என்னம்மா விஷயம்னு கேட்டாங்க, கேட்டவங்களுக்குச் சொன்னேன், ஒண்ணும் கூட்டியும் சொல்லலை, குறைச்சும் சொல்லலை. கொஞ்ச நேரத்துல மேனேஜரே எழுந்து வந்தார். நீங்க சொன்னதுதான் சரி, என்னால அதை எழுத முடியாது, எழுத முடியாததை இனிமே சொல்லவும் மாட்டேன்னார். என் முன்னாடியே மேலிடத்துக்குப் போன் போட்டு, பார்ட் வர்ற வரைக்கும் ஓட்ட வேண்டாம்னுதான் இனி எல்லாருக்கும் சொல்லப்போறேன், அதனால சீக்கிரம் அனுப்புங்கன்னு கறாராப் பேசினார். வேற ஊர் கிளையிலேர்ந்து வரவழைக்க ஏற்பாடு பண்ணினார், அதுவரைக்கும் ஓட்ட எனக்கு ஒரு ஸ்கூட்டர் கொடுத்தார். நம்ம போன் நம்பரைப் பதிஞ்சுக்கச் சொல்லிட்டு, என்னை மாதிரி பழைய வண்டியா வாங்கினவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். வாசல்ல பெரிசா எழுதி ஒட்டிட்டார். நம்ம மெக்கானிக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதி அவன் கடையில ஒட்டினான், ரெண்டு எழுத்துப் பிழை, ஆனா விஷயம் புரியுது.

இப்போ புது வயரிங் போட்டாச்சு. இரும்புல படாம ரப்பர் உறை போட்டு, கொஞ்சம் தள்ளி வேற வழியா ஒயரை விட்டிருக்காங்க, என்னைக் கூப்பிட்டு ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாங்க. பேக்கரிக்காரர் போன வாரம் வீடு தேடி வந்தார். அவர் பார்த்து வெச்ச அந்த இன்னொரு வண்டி இருக்கே, அதோட நம்பரும் ரீகால்ல இருந்திருக்கு, வெச்சிருந்தவருக்கே தெரியாதாம். ரெண்டு பேருமா சேர்ந்து ஷோரூம்ல விட்டு, வயரிங் மாத்தின பிறகுதான் இவர் வாங்கியிருக்கார். பை நிறைய பன் கொடுத்துட்டுப் போனார். உன் அப்பா அஞ்சு நாளா காலையிலயும் பன், சாயங்காலமும் பன்.

இனிமே சொல்லப்போறதுக்குத்தான் நான் இவ்வளவும் எழுதினது. போன மாசம் நீ பேச்சோட பேச்சா, உன் லிஃப்ட் சர்வீஸ் வேலையைப் பத்திச் சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னே. பார்க்காத லிஃப்டுக்கும் பார்த்ததாக் கையெழுத்துப் போடச் சொல்றார் சூப்பர்வைசர், எல்லாரும் போடறாங்கம்மா, இங்கே அப்படித்தான்னு. நீ போட்டியா இல்லையான்னு கேக்க வாயெடுத்தேன், அதுக்குள்ள அப்பா போனை வாங்கிட்டார். அதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்லை. அந்த மேனேஜர் மேல எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது, அவர் பேனாவைக் கீழே வெச்சாரே, அந்த நிமிஷம் மரியாதை வந்துடுச்சு. பொய்யை வாயால சொல்லிட்டார், எழுத மட்டும் கை வரலை, அந்த ஒரு இடத்துலதான் நான் பிடிச்சுக்கிட்டேன். அவர் எழுதிக் கொடுத்திருந்தா நான் வண்டியை ஓட்டிக்கிட்டு வந்திருப்பேன் கண்ணா, அப்பாவைப் பின்னாடி உட்கார வெச்சுக்கிட்டு. உன் கையெழுத்தைப் பார்த்துட்டு லிஃப்டுல ஏறறவங்களுக்கு உன்னைத் தெரியாது, அந்தத் தாளைத்தான் தெரியும். நீ போடாதே. எல்லாரும் போட்டாலும் நீ போடாதே. ஏற்கனவே போட்டிருந்தா, எந்தெந்த லிஃப்டுன்னு ஞாபகப்படுத்தி, போய்த் திறந்து பார்த்துட்டு வா. வேலை போயிடுமோன்னு பயப்படாதே, போனா போகட்டும், இங்கே உனக்கு ஒரு அறையும் எங்களுக்கு என் சம்பளம், அப்பா பென்ஷன்னு ரெண்டு வருமானமும் இருக்கு. அப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன், முழுசாக் கேட்டுட்டு, ஒரு வார்த்தையும் மாத்தாதேன்னு சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கோ. உயரத்துல வேலை செய்யும்போது பெல்ட்டை மாட்டிக்கோ, பக்கத்துல இருக்கறவன் கேலி பண்ணினாலும் மாட்டிக்கோ. நோய் நொடி அண்டாம, எடுத்த காரியம் ஜெயிச்சு, நீ நல்லா இருக்கணும். ஞாயித்துக்கிழமை கூப்பிடு, அப்பா எடுத்தாலும் என்கிட்ட கொடுக்கச் சொல்லு. கையெழுத்துப் போட்டியா இல்லையான்னு முதல்ல சொல்லு, சாப்பிட்டியான்னு அப்புறம் கேக்கறேன்.

உன் நல்லதையே நினைக்கிற,
அம்மா